கொட்டகைக்கும் மாளிகைக்கும் ஒரே படிவமா?



மூன்று ஏக்கர் பால்மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஒருவர் நாலு கம்பம் நட்டு, மேலே தகரம் போடுகிறார். அதன் கீழே வெட்டுக்கத்தி, வாளி, உரமூட்டை, பால் உறைய வைக்கும் அமிலம், ஷீட்டு உருட்டும் மெஷின் ஆகியவற்றை வைத்துக்கொள்கிறார். இதற்கு என்ன பெயர்? நாம் கொட்டகை என்போம். சட்டமோ கட்டிடம் என்கிறது.

மிகைப்படுத்திச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டிடச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வீடு, குடிசை, கொட்டகை, கூரை போட்ட எந்த அடைப்பும், அதில் ஆள் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டிடமே என்று அது பொருள் சொல்கிறது. மதிலும் வேலியும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்ற எல்லைக்குள் இருக்கும் சிறுதோட்டக்காரர் கம்பம் நடுமுன் எழுத்து மூலமான அனுமதி பெற்றாக வேண்டும். அடுக்குமாடி கட்டும் கம்பெனிக்கு எந்த வாசலோ, நம்மவருக்கும் அதே வாசல்தான்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இரண்டாவது வாசல். திட்ட அனுமதி இல்லாமல் நிலத்தில் மேம்பாட்டு வேலை செய்தால் 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. இது உச்ச வரம்பு என்பதை நாம் மறைக்கவில்லை. தகரக் கொட்டகைக்காக யாரும் ஐந்து லட்சம் கட்டினார் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகையைக் காதில் போட்டாலே போதும், மூன்று ஏக்கர்க்காரர் நடுங்கிப் போவார். நடுங்குகிறவரிடம் யாரும் எதையும் சொல்லிப் பணம் பிடுங்கலாம். தரகர்கள் பிழைப்பது இந்த நடுக்கத்தில்தான்.

மூன்றாவது வாசல் நிலக் காரியாலயம். வேடிக்கை என்னவென்றால், இங்கேதான் சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 115ஆம் பிரிவில், விவசாய நிலத்தில் எவையெவை கட்டலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. நிலத்தில் இருப்பவர் குடியிருக்க வீடு, விவசாய வேலைக்கான கட்டிடம், அந்த நிலத்தில் விளைந்ததைப் பதப்படுத்தும் இடம், அங்கே வேலை செய்வோர் தங்குமிடம் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. அதாவது உருட்டு மெஷினுக்கும் புகைக்கூடத்துக்கும் நிலச் சட்டம் தடை சொல்லவில்லை. ஒரு சட்டம் ‘கட்டலாம்’ என்று கை காட்டுகிறது. மற்ற இரண்டும் ‘பிளான் எங்கே, கையொப்பம் எங்கே’ என்று கையை நீட்டுகின்றன. பிளானை நாமே கோடு போட்டுக் கொடுத்தால் செல்லாது. தகுதி பெற்றவர் வரைந்து கையொப்பமிட வேண்டும். தகரத்துக்கும் மரத்துக்கும் ஆகும் செலவைவிட அந்தக் காகிதத்துக்கு ஆகும் செலவு அதிகமானால், இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

‘கொட்டகை இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. குடி முழுகத்தான் செய்யும். எப்படி என்று சொல்கிறோம்.

பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றி, தட்டில் உறைய வைத்து, மறுநாள் உருட்டி, காயவைத்து ஷீட்டாக்க வேண்டுமானால் கூரை வேண்டும். கூரை இல்லாதவர் என்ன செய்வார்? மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலை ஈரத்தோடு மூட்டை கட்டி வியாபாரியிடம் கொண்டுபோவார். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தீர்மானிப்பது வியாபாரியின் கையும் கண்ணும். அவர் வெட்டிய சதவீதம்தான் சதவீதம். விலை இறங்கியிருக்கிறதே, இரண்டு வாரம் வைத்திருந்து விற்போம் என்றால் வைக்க இடமில்லை. கூரை உள்ளவர் காத்திருந்து பேரம் பேசுவார். இல்லாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆகவே இது கம்பத்தையும் தகரத்தையும் பற்றிய பேச்சல்ல. உழைப்பின் விலையைப் பற்றிய பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டகை இல்லாத வீட்டில் புல் மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது? அடுக்களை மூலையில், குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாதுகாப்புக்காகவே சட்டம் என்று சொல்லும் அதிகாரிகள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்வாதத்தையும் நாம் ஒதுக்கவில்லை. விவசாயக் கொட்டகை என்று பெயர் வைத்து உள்ளே தொழிற்சாலை நடத்துவோர் இருக்கிறார்கள்; கழிவை ஆற்றில் விடுவோர் இருக்கிறார்கள்; ஆகவே கண்டிப்பு தேவை என்பது அந்த வாதம். உண்மை. அவர்களைக் கண்டிப்பதை நாம் மனதார வரவேற்கிறோம். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாமும்தானே! ஆனால் நடப்பு என்ன? அனுமதி இல்லாமல் எழுந்த தொழிற்சாலைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர சிலாங்கூர் மாநிலம் தனித் திட்டமே வகுத்து, காலக்கெடு மேல் காலக்கெடு கொடுத்தது. கட்டுமானக் குத்தகையாளர் வேலைத்தலத்தில் போடும் கொட்டகைக்கு 1984ஆம் ஆண்டுக் கட்டிட விதிகள் தற்காலிக அனுமதி என்றொரு வழி வைத்திருக்கின்றன. தொழிற்சாலைக்காரருக்கு அவகாசம்! குத்தகையாளருக்குத் தற்காலிக அனுமதி! மரம் சீவிப் பிழைப்பவருக்கு மட்டும் முழுப் பிளான், முழுக் கட்டணம், முழு மிரட்டலா?

‘2007ஆம் ஆண்டிலேயே ஊராட்சி மன்றங்களில் எல்லா விண்ணப்பத்தையும் ஒரே இடத்தில் பெறும் நிலையம் வைத்துவிட்டோமே’ என்பார்கள். வைத்தார்கள், நல்ல காரியம். ஆனால் அங்கே போகக் கையில் பிளான் வேண்டும், பிளானுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும். வாசலை ஒன்றாக்கினார்கள், படியை உயரமாகவே விட்டுவிட்டார்கள்.

சட்டமே வேண்டாம் என்று நாம் கூச்சல் போடவில்லை. நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட, ஒரே தளம் கொண்ட விவசாயக் கொட்டகைக்கு மன்றமே மாதிரிப் பிளான் அச்சிட்டுத் தர வேண்டும். அதைப் பின்பற்றுவோரிடம் தனிப் பிளான் கேட்கக் கூடாது.

இரண்டு: ஒரே படிவம், சிறு கட்டணம், முப்பது நாளில் முடிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

மூன்று: ஏற்கெனவே நிற்கும் கொட்டகைகளை முறைப்படுத்த அவகாசம் வேண்டும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது இடிக்கக் கூடாது.

நான்கு: நோட்டீசு வந்தால் அதன் பொருளை எளிய மொழியில், தமிழிலும் விளக்க மன்றத்தில் ஆள் வேண்டும்.

நிலமும் ஊராட்சியும் மாநில அரசின் கையில் இருப்பவை. எனவே கோலாலம்பூரைக் காட்டி எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் தப்பிக்க முடியாது. ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த நான்கையும் அவர் முன் வையுங்கள்.

அதுவரை நம் பக்கம் ஓட்டை இருக்கக் கூடாது. சிறுதோட்டக்காரர்களே, உங்கள் கிராண்டை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை விவசாயமா, குறிப்பிட்ட நிபந்தனை ஏதும் எழுதியிருக்கிறதா என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றோர ஒதுக்கு நிலத்திலும் சாலை ஒதுக்கு நிலத்திலும் கம்பம் நடாதீர்கள். மாதம் நூறு வெள்ளி கிடைக்கிறதே என்று கொட்டகையைக் கார் பட்டறைக்கோ கிடங்குக்கோ வாடகைக்கு விடாதீர்கள். நிபந்தனை மீறினால் அபராதம் மட்டுமல்ல, நிலத்தையே பறிமுதல் செய்யவும் நிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மீறலைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீசு வந்தால் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காதீர்கள். நோட்டீசில் குறித்த நாளுக்குள் பதில் போகவேண்டும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. மலாயில் எழுதிய கிராண்டைப் படித்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதவும், பதில் போடவும் உங்களால் முடியும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணிக்குத் தரகர் கேட்கும் பணம் ஒரு குடும்பத்தின் ஒரு மாத அரிசி. வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தனித்தனியே போனால் பத்துப் பேரும் பத்து மேசையில் காத்திருப்பார்கள். பத்து விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கட்டி, ஒரே நாளில், ஒரே மேசையில் வைத்தால் அதிகாரி எழுந்து வந்து விசாரிப்பார். அந்தக் கட்டைத் தயார் செய்யும் வேலையை இந்த மாதமே தொடங்குவோம்!