ஊசியோடு சீனியும் வேண்டும்

சலரோகக்காரர் வீட்டிலே சீனிப் போத்தலை ஒளித்து வைப்பதே வைத்தியம் என்று எம்மவரிற் பலர் இன்னும் எண்ணுகின்றனர். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் நோயை அடக்கி வருபவருக்கு இவ்வெண்ணத்தாற் கேடில்லை. இன்சுலின் ஊசி ஏற்றிக்கொள்பவருக்கோ இஃது உயிருக்கே உலை வைக்கும். அரசாங்க ஆசுபத்திரிகளில் ஊசிமருந்தை இலவசமாக வழங்குவோர், அம்மருந்து எல்லை மீறும்போது செய்ய வேண்டியதை நோயாளரின் வீட்டாருக்குக் கற்பிக்கவும் கடமைப்பட்டவர்களாவர். இதனையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம்.

இன்சுலினின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இத்தகைய சிறார்கள் எலும்புந் தோலுமாகி மடிந்தனர். ஆயினும், மருந்தின் மறுபக்கமும் அந்நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. மருந்தைத் தூய்மை செய்த கொலிப் என்பார் முயல்களுக்கு அதனை ஏற்றியபோது, அளவு மிஞ்சிய முயல்கள் வலிப்புக் கண்டு வீழ்ந்தன. குளுக்கோசு செலுத்தியதும் எழுந்தன. மாற்று மருந்து எதுவென்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தெரிந்த செய்தி என்க.

மூளை இடைவிடாது குருதிச் சீனியை நம்பி வாழ்வது. ஒரு டெசிலீற்றர் குருதியில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சீனி இறங்கினால் அஃது எச்சரிக்கை. 54 இற்குங் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி தோன்றும். பின்னர் பேச்சுக் குழறும், காரணமின்றிக் கோபம் வரும், கால் தள்ளாடும், வலிப்பும் மயக்கமும் தொடரும். பிறர் உதவியின்றி மீள முடியாத இந்நிலையையே வைத்தியர் கடுமையான சீனிக்குறைவு என்பர். வீதியோரத்தில் இவ்வாறு கிடப்பவரை "வெறியிற் கிடக்கின்றான்" என்று ஏளனஞ் செய்து கடந்து போவது எவ்வளவு பெரிய கொடுமை!

விடியலில் ஊசி ஏற்றிக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கச் செல்லும் கமக்காரரை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிந்துகின்றது, வேலையோ குருதிச் சீனியைத் தசைகளுக்கு இழுத்துக்கொள்கின்றது. பகல் முழுதும் பாடுபட்ட உடல் இரவிலும் சீனியை இழுத்தவண்ணமே இருக்குமாதலால், உறக்கத்திலேயே சீனி இறங்கிவிடுதலும் உண்டு. கந்தசட்டி விரதகாரருக்கும் இதே அபாயம். அதற்காக வைத்தியரைக் கேளாது ஊசியை முற்றாக நிறுத்துவதும் கேடேயாம். கள்ளுஞ் சாராயமும் ஈரல் புதிதாகச் சீனி ஆக்குவதைத் தடுத்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்குவதால், பழைய அளவே அவருக்கு மிகையாகிவிடும்.

படித்த உத்தியோகத்தரிடம் வேறொரு மயக்கம் உண்டு. எண் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவும் நன்று என அவர் கருதுகின்றார். கட்டுப்பாட்டை இறுக்கினால் கண்ணுஞ் சிறுநீரகமுங் காக்கப்படும் என்பதை 1993 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு நிறுவியது உண்மை. இறுக்கியவர்களிடையே கடுமையான சீனிக்குறைவு மும்மடங்கானது என்பதும் அதே ஆய்வின் முடிபாகும். ஏற்கெனவே இருதய நோயுள்ள முதியோருக்கும் ஒரே எண்ணைக் கட்டளையாக்குவது தகாது.

செய்ய வேண்டியதோ எளிது. நினைவுள்ளவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடின் மீண்டுங் கொடுத்து, தெளிந்தபின் உணவு கொடுக்கலாம். சலரோகக்காரருக்கென விற்கும் போலி இனிப்புகள் இங்கு உதவா. நினைவற்றவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சடைத்துவிடும். அவரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். குளுக்ககோன் என்னும் ஊசி கையில் இருப்பின் வீட்டாரே அதனை ஏற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மருந்து அது. எம் கிராமங்களில் எத்தனை வீட்டில் அஃது இருக்கின்றது?

இன்சுலின் தொடங்கும் நாளிலே நோயாளரோடு மனைவியையோ மகனையோ அழைத்திருத்தி, தமிழில், அவசரமின்றி, இவற்றைக் கற்பித்தல் வேண்டும். புட்டியோடு வரும் பொடி எழுத்து ஆங்கிலத் தாள் கமக்காரருக்கு என்ன பயன் தரும்? பெரிய எழுத்தில் ஒரு தமிழ்த் தாளும், சட்டைப்பையில் வைக்க ஓர் அட்டையும் அச்சிடப் பெருஞ்செலவு ஆகாது. குளுக்ககோன் கிராமிய வைத்தியசாலைகள்தோறும் இருத்தல் வேண்டும். அதுவரை, ஊசி ஏற்றும் ஒவ்வொருவரும் தோட்டத்துக்குப் போகும்போதும் கந்தோருக்குப் போகும்போதும் மடியில் ஒரு சரைச் சீனி கொண்டு செல்வாராக. சாப்பாடு பிந்தும் நாளில் எத்தனை அலகு ஏற்றுவது என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியரை நேரே கேட்பாராக.