‘மேலது’ என்று எழுதாதீர்கள்

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ‘மேலது, ப. 42’ என்று கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மாணவர் அதை எழுதியபோது அதற்கு மேலே இருந்தது உ.வே.சா. 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரம். பிறகு நெறியாளர் சொன்னாரென்று அந்தக் குறிப்புள்ள பத்தியை மூன்றாம் இயலுக்கு மாற்றியிருப்பார். இப்போது மேலே நிற்பது வேறு நூல். வேர்டு அடிக்குறிப்பு எண்ணைத் தானே திருத்திக்கொள்ளும்; ‘மேலது’ எதைச் சுட்டுகிறது என்று அதற்குத் தெரியாது.

என் மாணவர்களை வெறும் நோட்பேடில் எழுதச் சொல்கிறேன். குறிப்பு வேண்டிய இடத்தில் [^சிலம்பு-ஊர்காண்] என்று ஓர் அடையாளம். பத்திக்குக் கீழேயே, [^சிலம்பு-ஊர்காண்]: என்று தொடங்கி நூல், பதிப்பு, பக்கம். பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் குறிப்பும் கூடவே போகும். பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்ற இலவச மென்பொருள், இதை வேர்டு கோப்பாக்கி, எண்ணிட்டு, பக்க அடியில் வைத்துவிடும்.

துணைநூற்பட்டியலுக்கு ஜொடேரோ இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் அது பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டாகக் கேட்கும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் ஏது? தலைப்பெழுத்தைப் பிரித்துப் போட்டுப் பட்டியலைக் குழப்ப வேண்டாம். பெயரை ஒரே பெட்டியில் இடும் வசதி அதிலேயே உண்டு. நூற்பட்டியலை பிப்டெக் என்ற வடிவில் கோப்பாக வைத்திருந்தால், முழுப் பெயரையும் இன்னொரு நெளிவடைப்புக்குள் வைத்தால் போதும்.

சிரமமே இல்லை என்று சொல்லமாட்டேன். நெறியாளர் வேர்டில் திருத்தித் தந்தால், அந்தத் திருத்தங்களை மூலக் கோப்பில் மாணவர்தான் ஏற்ற வேண்டும். ஆனால் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஆய்வேடுகளைப் பாருங்கள்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. யூனிகோடில் எழுதிய வெற்று உரையை எந்தக் கணினியிலும் திறக்கலாம், தேடலாம்.

எழுத்தின் அளவு, வரி இடைவெளி, ஓர விளிம்பு எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. இன்னும் இரண்டு விதி சேர்க்கட்டும். ஆராய்ச்சி நெறிமுறைப் பாடத்தில் இந்த முறையைக் கற்பிக்க வேண்டும். நூலாகக் கட்டிய ஆய்வேட்டோடு யூனிகோடு மூலக் கோப்பையும் நூற்பட்டியல் கோப்பையும் வாங்கி வைக்க வேண்டும். அடுத்த ஆய்வாளர் சான்றுகளைச் சரிபார்க்கத் தட்டச்சிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.