யாருடைய கோப்பு இது?

ஆய்வகத்தின் பொது வழங்கியில் வட்டு நிரம்பிவிட்ட நாளில் பிறக்கும் ஆணை பெரும்பாலும் ஒன்றுதான்: "என்னவென்று தெரியாத கோப்பா? அழித்துவிடு." /டிஎம்பி என்னும் தற்காலிக அடைவில், பொருளற்ற எழுத்துகளைப் பெயராகத் தாங்கிப் பல கிகாபைட் அளவில் ஒரு கோப்பு கிடக்கும். யார் உருவாக்கியது என்று வினவினால் எவரும் அறியார். ஹவுராவாயினும் மதுரையாயினும் இதுவே நிலை. தனி நிர்வாகி இல்லாத துறைகளில் முனைவர் பட்ட மாணவர் ஒருவரே அன்றைய நிர்வாகியும் ஆவார். அவர் அழிப்பார், பணி தொடரும். இப்பழக்கம் ஆய்வு மனப்பான்மைக்கு முரணானது என்பது ஒருபுறம் இருக்க, நடைமுறையிலும் பயன் குறைந்தது.

ஹவுராவின் ஷிப்பூரில், 1787இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் பெரிய ஆலமரம் ஒன்று உள்ளது. பூஞ்சை தாக்கிய அதன் அடிமரம் 1925இல் வெட்டி அகற்றப்பட்டது. மரமோ ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் இன்றும் நிற்கிறது. யூனிக்ஸில் கோப்பை அழித்தலும் ஏறத்தாழ இத்தகையதே. அழிக்கும் கட்டளை நீக்குவது அடைவிலுள்ள பெயரை மட்டுமே. ஏதேனும் ஒரு செயல்முறை அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும், இடமும் விடுபடாது, எழுதுதலும் நிற்காது. அடைவில் உள்ள கோப்புகளைக் கூட்டினால் ஓர் அளவும், வட்டின் மொத்தப் பயன்பாட்டைக் கேட்டால் வேறோர் அளவும் வருவது இதனால்தான். அழித்தவர் செய்தது, தேடுவதற்கு இருந்த எளிய தடயத்தைத் தாமே மறைத்ததுதான்.

தேடும் வழியும் அத்துணைக் கடினமன்று. உரிமையாளர் யார், இறுதியாக எழுதப்பட்ட நேரம் எது என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எல்எஸ்ஓஎஃப் அல்லது ஃபியூசர் கருவி, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயல்முறையின் எண்ணைத் தரும். அதிலிருந்து தாய்ச் செயல்முறைக்கும், அதற்கும் மேலே கிரான் அட்டவணைக்கும் செல்லலாம். பல வேளைகளில் மர்மம் மிகச் சாதாரணமாக முடிந்துவிடும். நினைவகத்தில் அடங்காத தரவை வரிசைப்படுத்தும்போது குனு சார்ட் நிரல் தன் பெயரோடு சில எழுத்துகளைச் சேர்த்து இத்தகைய கோப்புகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பணி முடிந்ததும் தானே நீக்கும். ஆனால் நினைவகம் தீர்ந்து இயக்குதளம் அந்நிரலைக் கொன்றுவிட்டால், எந்த நிரலாலும் தடுக்க இயலாத அந்தக் குறிகைக்குப் பின் கூட்டிப் பெருக்க எவரும் இரார். எஞ்சிய கோப்பு குப்பையன்று. அன்றிரவு ஒரு கணக்கீடு பாதியில் மடிந்தது என்பதற்கு அதுவே சான்று. அதன் முடிவு அட்டவணையாகக் கட்டுரையில் ஏறியிருந்தால்?

இங்கு யூனிக்ஸின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். கோப்பைப் பற்றிய பதிவில் உரிமையாளர் இருப்பார். உருவாக்கிய நிரல் எது, எந்தக் கட்டளை என்பன இரா. செயல்முறை முடிந்துவிட்டால், முன்கூட்டியே தணிக்கைப் பதிவை இயக்கி வைத்திராதவருக்கு எஞ்சும் உறுதியான தடயம் அந்த உரிமையாளர் பெயர் ஒன்றே. அதையும் நம் ஆய்வகங்கள் தாமே கெடுத்துக்கொள்கின்றன. பத்துப் பேரும் ஒரே பயனர் பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைவர். வாய்மொழித் தேர்வு முடித்துச் சென்றவர் அமைத்த கிரான் பணி, அவர் சென்ற பின்னும் அதே பெயரில் ஓடும். பின்னர்ப் பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த மாணவர் மேல்.

1988 நவம்பர் 2 இரவு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகள் காரணமின்றி மந்தமாயின. சிலவற்றின் தற்காலிக அடைவில் அறியாத கோப்புகள் தோன்றின. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியோர் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே மீண்டனர். பெர்க்லியிலும் எம்ஐடியிலும் இருந்தோர் அதன் நிரலைப் பிரித்துப் படித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. அது தன் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றியதும் அழித்துவிட்டு, செயல்முறைப் பட்டியலில் சாதாரணக் கட்டளைச் செயலியின் பெயரைப் பூண்டு ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பியவர் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ராபர்ட் மோரிஸ்.

வட்டு நிரம்பிப் பத்துப் பேரின் பணி நிற்கையில் துப்பறிய நேரம் ஏது என்பர். நியாயமான கேள்வியே. ஆயினும் செயல்முறையை நிறுத்தும் முன் மேற்சொன்ன விவரங்களை ஓர் உரைக்கோப்பில் எழுதி வைக்கச் சில நிமிடங்கள் போதும். கோப்பை வேறு வட்டுக்கு நகர்த்தவும் இயலும். அவசர அழித்தலும் தானியங்கி அழித்தலும் என்ன செய்யும் என்பதற்குக் கியோட்டோ பல்கலைக்கழகம் உண்டு. 2021 டிசம்பரில், பழைய பதிவுகளை நீக்க எழுதிய குறுநிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தப்பட்டது. மதிப்பற்றுப் போன ஒரு மாறியின் விளைவாக, மீமிகைக் கணினியின் சேமிப்பிலிருந்து சுமார் 77 டெராபைட் தரவு, ஏறத்தாழ 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் நான்கின் தரவை மீட்க இயலவில்லை.

வழங்கியைக் காக்கும் மாணவரின் உழைப்பு எந்த முன்னேற்ற அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. ஒரு வாரம் செலவிட்டு ஒரு கோப்பின் மூலத்தைக் கண்டறிந்தவரிடம் "இந்த வாரம் என்ன செய்தாய்?" என்றே நெறியாளர் கேட்பார். அவ்வாரத்தின் பணியை ஆய்வுப் பணியாக ஏற்று, குறிப்பேட்டில் பதிந்து, அடுத்து வருபவருக்குக் கையளிக்கத் துறைகள் முன்வர வேண்டும். அதற்கு முன், ஆளுக்கொரு பயனர் கணக்கு. அதற்கு நிதிக்குழுவின் ஒப்புதல்கூடத் தேவையில்லை.