பிளேஸ்டோ பக்கங்கள் - 17: கடைசி பெஞ்சுக்கு ஒரு பட்டன்

இந்த வாரமும் மழை. அதனால் கிரீன்வே பக்கம் ஓடப் போகவில்லை என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். உண்மை என்னன்னா, வெயில் அடிச்ச வாரத்துலயும் போகலை :-)

புதுசா இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு: கிரீன்வேங்கறது பிளேஸ்டோ வழியா போற நீளமான நடைபாதை. 1860-களில் பேசல்ஜெட் கட்டிய பெரிய கழிவுநீர்க் குழாய்களோட மேட்டு மேல போகுது. செப்டம்பர்ல வந்த புதுசுல அதுல வாரம் மூணு நாள் ஓடினேன். நவம்பர்ல அசைன்மென்ட், டிசம்பர்ல குளிர், ஜனவரியில வெட்கம். அந்த மூணாவது காரணம்தான் இந்தப் பதிவு.

இந்த டேர்ம் எங்களுக்குக் கொடுத்த டிசைன் வேலை இது: வீடியோ பார்த்து உடற்பயிற்சி செய்யும் ஒரு செயலி. ஆர்வமா ஆரம்பிச்சு பாதியில காணாமப் போனவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர ஒரு வசதியை வடிவமைக்கணும். இது என்ன பெரிய விஷயம்னு ரெண்டே நாள்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். தொடர்ந்து வந்த நாட்களை எண்ணும் ஒரு தீ. ஒரு நாள் விட்டால் அணைஞ்சிடும். பத்து நாள் வரலைன்னா "உங்களைக் காணோமே!" என்று ஒரு அறிவிப்பு.

பார்த்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நீ கடைசியா எதைப் பாதியில விட்டே? அப்போ உனக்கு இந்த அறிவிப்பு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பே?"

செயலியையே அழிச்சிருப்பேன். ஜனவரியில ஓட்டக் கணக்குச் செயலியை அப்படித்தான் அழிச்சேன். அவ்வ்வ்...

அன்னைக்கு ராத்திரி பொள்ளாச்சிக்குப் போன் பண்ணினேன். அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததுல இருந்து, தெரு முக்கு மண்டபத்துல காலையில நடக்கும் எளியமுறை உடற்பயிற்சி வகுப்புக்குப் போறாங்க. போறாங்கன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். "கிளாஸ் எப்படிம்மா போகுது?"ன்னு பேச்சுவாக்குல கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நிறுத்தி நாலு மாசமாச்சு கண்ணு."

முட்டி வலின்னு ஒரு வாரம் போகலையாம். அப்புறம் வலி சரியாயிடுச்சாம். சரி, திரும்பப் போக வேண்டியதுதானேம்மா?

"எப்படிப் போறது? ஏனுங்க இத்தனை நாளா காணோம்னு எல்லாரும் கேப்பாங்க. என்னன்னு சொல்றது? அவங்க மளமளன்னு பண்ணுவாங்க, நான் மட்டும் திணறிட்டு நிக்கோணும்."

கடைசியாப் பார்த்த சர்க்கரை அளவைக் கேட்டேன். சொன்னாங்க. அந்த நம்பரை இங்கே எழுத மனசு வரலை. அம்மா போன்ல நான் வரைஞ்ச அந்த அணைஞ்ச தீயைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன். வரைபடத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

மறுநாள் நூலகத்தில் தேடினால், என் பாடத்துக்கென்றே செய்தது மாதிரி ஒரு ஆய்வு. 2021 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. கேத்தரின் மில்க்மேன், ஏஞ்சலா டக்வொர்த் உள்ளிட்ட பெரிய குழு, அமெரிக்காவில் 24 அவர் ஃபிட்னஸ் ஜிம்களின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான உத்திகளைச் சோதித்தது. ஒவ்வொன்றும் 4 வாரம். முதலிடம் எதுக்குத் தெரியுமா? வர்றதாச் சொன்ன ஒரு நாளைத் தவறவிட்டவர் திரும்ப வந்தால், அதுக்குன்னு கொஞ்சம் கூடுதல் புள்ளிகள். மதிப்பு வெறும் 9 சென்ட். நம்மூர்க் காசுல ஒரு டீக்குக்கூடப் பத்தாது. அதுக்கே வார வருகை 27 சதவீதம் கூடியிருக்கு.

நாலு வாரம் முடிந்த பிறகும் தாக்குப்பிடித்த உத்திகள் ரொம்பக் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிடணும். ஆனாலும் எனக்கு ஒண்ணு உறைச்சது. ஒரு நாள் விடுறது பிரச்சினையே இல்லை, அதுக்கு அடுத்த நாள்தான் பிரச்சினை. நான் அறிவிப்பு அனுப்ப நினைச்சது பத்தாவது நாள். அதுக்குள்ள வெட்கம் வந்து திண்ணையில உக்காந்திருக்கும்.

அப்புறம் பார்த்தா எல்லா இடத்துலயும் இதேதான். இங்கே பலரும் பயன்படுத்தும் 'கவுச் டு 5கே' 9 வாரத் திட்டம். முதல் வாரம் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, அவ்வளவே. முடியலைன்னா அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். 1996-ல் ஜோஷ் கிளார்க் அதை உருவாக்கியது ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவுக்காக. (பின்னாளில் அவரும் டிசைனர்தான்!) 2020 மார்ச் 23 முதல் ஜோ விக்ஸ் யூடியூபில் காலை 9 மணிக்கு நடத்திய நேரலையை, மறுநாளே ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அது தொடர்கதை கிடையாது. திங்கட்கிழமை விட்டவர் செவ்வாய்க்கிழமை தாராளமா வந்து நிக்கலாம். ஆப்பிள் கடிகாரம்கூட 2015-ல் வந்து, 2024-ல்தான் உடம்பு சரியில்லாத நாளில் வளையங்களை நிறுத்தி வைக்க விட்டது.

சரி, என் புது டிசைனுக்கு வர்றேன். பேரு 'கடைசி பெஞ்ச்'.

ஒரு நாள் விட்டால் மறுநாள் காலையே ஒரு வரி: "இன்னைக்கு 8 நிமிஷம் போதும்." ரொம்ப நாள் கழிச்சு வந்தால் ஒரே கேள்வி: உடம்பா, வேலையா, ஊருக்குப் போனீங்களா, இல்லை சொல்ல இஷ்டமில்லையா? நாலாவதும் மத்த மூணு மாதிரியே முழுப் பதில்தான். அடுத்து வர்ற வீடியோ, விட்ட இடத்துக்கு ரெண்டு படி கீழே. ஏன்னா சில வாரம் ஓய்வெடுத்தாலே மூச்சுத் திறன் இறங்கிடும். பழைய வேகத்துல ஆரம்பிச்சா, நிறுத்த இன்னொரு காரணம் கிடைச்சிடும். வீடியோவில் பயிற்சியாளருக்குப் பக்கத்தில் ஒருத்தர் நாற்காலியில உக்காந்து அதையே மெதுவாச் செய்வார். தீ கிடையாது. "இதுவரை 46 நாள்" என்ற மொத்தக் கணக்கு மட்டும். அது குறையவே குறையாது.

சோதிச்சுப் பார்க்க ஆள் வேணுமே? ரூம்மேட் போனைப் பிடிக்க, நானே நாற்காலியில் உக்காந்து 8 நிமிஷ வீடியோ எடுத்தேன். டாக்டர்கிட்ட முட்டியைப் பத்திக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு சொல்லி அம்மாவுக்கு அனுப்பினேன்.

முதல் பதில்: "பின்னாடி அது என்ன கண்ணு, பாத்திரமெல்லாம் கழுவாமக் கிடக்குது?"

அது ஆச்சு ரெண்டு வாரம். போன வியாழக்கிழமை அம்மாவே கூப்பிட்டாங்க. "நேத்து விட்டுட்டேன். இன்னைக்குப் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. நாலு மாசம் மறைச்ச அம்மா, இந்தத் தடவை ஒரு நாள் விட்டதைத் தானா சொன்னாங்க. மேடம் என்ன மார்க் போடுவாங்களோ தெரியாது, எனக்கு அந்த வரி போதும். மண்டபத்துக்கு இன்னும் போகலை. நானும் கேட்கலை.

சனிக்கிழமை மழை விட்டால் நானும் கிரீன்வே போறதா இருக்கேன். 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை. அது கிடக்கட்டும், நீங்க பாதியில விட்டது என்ன மக்களே? ஏன் விட்டீங்கன்னு கேட்க மாட்டேன் :-)