புராஸ்டேட் மாத்திரை: சீட்டு எழுதினா மட்டும் போதாது

1/ போன மாசம், நடுராத்திரி 2 மணி. 68 வயசு பெரியவர். அடிவயிறு பானை மாதிரி உப்பி, ஒரு சொட்டு சிறுநீர் போகாம துடிச்சுக்கிட்டு வந்தார். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல வந்தது. நாலு மாசம் முன்னாடி புராஸ்டேட் வீக்கத்துக்கு நானே டாம்சுலோசின் எழுதிக் கொடுத்தவர்தான்.

2/ "ஏங்கய்யா மாத்திரையை நிறுத்தினீங்க?" மகன் வெளியே போற வரைக்கும் பேசல. அப்புறம் மெதுவா, "அந்த நேரத்துல விந்து வரல சார். ஆண்மை போயிருச்சுன்னு நெனச்சேன். இதை யார்கிட்ட கேக்குறது?" நிறுத்தி மூணு வாரம். அன்னைக்கு சாயங்காலம் சளிக்கு மெடிக்கல்ல வாங்கி ரெண்டு மாத்திரை போட்டிருக்கார்.

3/ தப்பு அவர் மேல இல்லை, என் மேல. மருந்து சரி, டோஸ் சரி. சொல்ல வேண்டியதைத்தான் சொல்லல. புராஸ்டேட் மருந்தை விளக்காம எழுதுறது பாதி வைத்தியம்தான் என்பது என் கருத்து. நான் அன்னைக்கு சொல்லாம விட்டதை இங்க சொல்றேன்.

4/ மருந்து முக்கியமா ரெண்டு வகை. டாம்சுலோசின், சிலோடோசின் மாதிரியானவை சிறுநீர்ப்பை வாயில இருக்கிற தசையைத் தளர்த்தும். சில நாள்ல இருந்து சில வாரத்துக்குள்ள பலன் தெரியும். ஆனா சுரப்பியைச் சுருக்காது. நிறுத்தினா தொந்தரவு திரும்ப வரும்.

5/ ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு சுரப்பியையே மெல்லச் சுருக்கும். பெரிய புராஸ்டேட்டுக்குத் தருவோம். முழுப் பலன் தெரிய ஆறு மாசம்கூட ஆகலாம். "ரெண்டு மாசம் போட்டேன், வேலை செய்யல"ன்னு நிறுத்திடாதீங்க.

6/ இப்போ யாரும் வாய்விட்டுக் கேக்காத விஷயம். முதல் வகை மருந்துல விந்து குறையலாம், வராமலேயே போகலாம். சிலோடோசின்ல இது இன்னும் அதிகம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருந்தை நிறுத்தினா பழையபடி ஆகிடும். விறைப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா இரண்டாவது வகையில சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம். அப்படின்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தர வழி இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க.

7/ முதல் சில நாள் எழுந்திருக்கும்போது தலை சுத்தலாம். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தா, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு நில்லுங்க. பிபி மாத்திரை, சில்டெனாஃபில் போட்டா மறைக்காம சொல்லுங்க. சேர்ந்தா பிபி ரொம்ப இறங்கலாம்.

8/ கடையில கிடைக்கிற பல சளி மாத்திரைல ஃபீனைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் இருக்கும். ஒண்ணு சிறுநீர்ப்பை வாயை இறுக்கும். இன்னொண்ணு பையோட அழுத்தத்தைக் குறைக்கும். அந்தப் பெரியவருக்கு மாத்திரையை நிறுத்தினதும் இதுவும் சேர்ந்துதான் அடைப்பு. சளி மாத்திரை வாங்கும்போது "எனக்கு புராஸ்டேட் இருக்கு"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்க.

9/ கண்புரை ஆபரேஷனுக்குப் போறீங்களா? டாம்சுலோசின் போடுறதை, முன்னாடி போட்டு விட்டிருந்தாலும்கூட, கண் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. கண்ணோட கருவிழித் திரை தளர்ந்து ஆபரேஷன் சிக்கலாகலாம்னு 2005ல இருந்தே தெரியும். முன்கூட்டித் தெரிஞ்சா அவங்க தயாரா இருப்பாங்க. கண் முகாமுக்குப் போறவங்களும் புராஸ்டேட் மாத்திரை போடுறவங்களும் பெரும்பாலும் அதே வயசுக்காரங்கதான்.

10/ ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாக்கிடும். ரிப்போர்ட்ல 3ன்னு இருந்தா நிஜத்துல 6 மாதிரி கணக்கு. மருந்தைச் சொல்லாம ரிப்போர்ட் மட்டும் காட்டினா புற்றுநோய் சந்தேகம் தவறிப் போகலாம். வீட்டுல கர்ப்பிணி இருந்தா, உடைஞ்ச மாத்திரையையோ ஒழுகுற கேப்ஸ்யூலையோ அவங்க தொடக் கூடாது.

11/ சக டாக்டர்கள் சொல்வாங்க: "ஓபில நூறு பேர் நிக்கிறாங்க, நேரம் எங்க? சைட் எஃபெக்ட் சொன்னா பயந்து மாத்திரையே போட மாட்டாங்க." நேரம் இல்லைங்கிறது உண்மைதான். ஆனா சிஸ்டரோ மருந்தாளுநரோ ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். பயம்? அவர் பயந்தது நான் சொன்னதால இல்லை, சொல்லாததால.

12/ நான் இப்போ ரெண்டு விஷயம் மாத்திக்கிட்டேன். கூட வந்தவங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிட்டுப் பேசறேன். கடைசியா, "வீட்டுல அம்மா கேட்டா இந்த மாத்திரையைப் பத்தி என்ன சொல்வீங்க?"ன்னு கேக்கறேன். பதில்லயே எது புரியலன்னு தெரிஞ்சிடும்.

13/ அந்தப் பெரியவருக்கு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சோம். சில நாள் கழிச்சு டியூபை எடுத்ததும் தானா சிறுநீர் போச்சு. கிளம்பும்போது ஒண்ணு கேட்டார்: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்?" பதில் இல்லை என்கிட்ட. உங்க அப்பாவோ மாமாவோ இந்த மாத்திரை போடுறாங்கன்னா, இதை அவங்ககிட்ட கொடுத்துட்டு நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. தனியா படிக்கட்டும்.