கோமுகத்துக்கு ஒரு நாள் போதாது

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள், பயணச் சலுகை கிடைத்ததும் பத்தே நாளில் யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம், பத்ரி நான்கையும் முடித்துவிடக் கிளம்புகிறார்கள். போகிற போக்கில் கோமுகத்தையும் எட்டிப் பார்த்து, பனிச்சுவர் உடைந்து ஆற்றில் விழும் காட்சியையும் கண்டுவிட வேண்டுமாம். நடக்கிற காரியமா இது?

சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறு முடிகிற இடம் கோமுகம். அடியில் பாகீரதி குடைந்துகொண்டு வெளியே வருகிறது. மேலே வெயில் இளக்குகிறது. பிடிமானம் போன முன்சுவர் துண்டு துண்டாகச் சரிகிறது. எந்த நேரத்தில் என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் ஏறிய பிற்பகலில் உருகுநீர் பெருகுவதால் அப்போது வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

ஆகவே நாளை ஒதுக்குவதுதான் வழி. நான்கு தலங்களில் இரண்டை அடுத்த சலுகைக்குத் தள்ளிப்போடுங்கள் என்பேன். வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம், பாதகமில்லை. கங்கோத்ரியே 3,000 மீட்டருக்கு மேல். அங்கு ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, 14 கிலோமீட்டர் நடந்து போஜ்பாசாவில் படுத்து, மறுநாள் கோமுகத்தின் எதிரே சும்மா உட்கார வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்து சேர ஒன்றரை விநாடி ஆகும். சத்தம் கேட்டுத் திரும்புகிறவருக்குப் புழுதிதான் மிச்சம். அரட்டையை விட்டுச் சுவரையே பார்த்திருங்கள். விழாமலே போனாலும் சிவலிங்கச் சிகரம் எதிரே நிற்கிறது.

கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அதிலும் சொம்பை எடுத்துக்கொண்டு, கங்கை பிறக்கும் வாயிலேயே தீர்த்தம் பிடிக்கச் சுவரடிக்குப் போகிறவர்கள்! சரிகிற பனி பக்தரென்று பார்த்து விலகி விழாது. கங்கோத்ரி படித்துறையில் ஓடுவதும் அதே தண்ணீர்தானே? அங்கே நிரப்பிக்கொண்டால் ஊரிலுள்ள பாட்டி வேண்டாமென்றா சொல்லப் போகிறாள்?

மழைக்காலத்தில் மலைச்சாலை சரியும். செப்டம்பர் பிற்பகுதி நல்லது. தீபாவளியோடு கோயில் நடை சாத்திவிடுவார்கள். கோமுகப் பாதையில் நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. அதற்கு வழி செய்துகொண்டு, பிறகு லீவுக் கடிதம் எழுதுங்கள்.