பெர்கன் நகரில் எங்கே உண்பது?

நார்வேயின் பெர்கன் நகருக்குச் செல்வோர் பலரும் மரபுணவைத் துறைமுகத்து மீன்சந்தையிலேயே தேடுகின்றனர். அருகிலுள்ள பிரிகென் மரவீடுகள் 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. வடதிசையிலிருந்து வந்த காட் மீன் கருவாட்டை ஹன்சா வணிகர்கள் அங்கிருந்துதான் ஐரோப்பாவெங்கும் அனுப்பினர். ஆயினும் மரபு கட்டடங்களில் மட்டுமா இருக்கிறது?

துருவிய உருளைக்கிழங்கை மாவுடன் பிசைந்து வேகவைக்கும் 'ராஸ்பெபால்' உருண்டையை உப்பிட்ட ஆட்டிறைச்சியோடு வியாழக்கிழமைகளில் உண்பது அவ்வூர் வழக்கம். மீனும் கிழங்கும் வெண்குழம்பில் கலந்த 'ப்ளுக்ஃபிஸ்க்' மற்றோர் எளிய வீட்டுணவு. இத்தகைய வீட்டுச் சமையலுக்கு வாஸ்கரெல்வன் தெருவின் 'பிங்வினன்' போன்ற சிறு உணவகங்களையே நாம் பரிந்துரைப்போம்.

வருவோரெல்லாம் துறைமுகத்தோடு திரும்பிவிட்டால், இவ்வுணவு கடைகளிலிருந்து மெல்ல மறைந்து வீடுகளுக்குள் ஒடுங்கிவிடும் என்பதே நம் கவலை. ஆகவே, பெர்கன் செல்லும் நண்பர்கள் ஒரு வியாழக்கிழமையையேனும் உள்ளூராரின் மேசைக்கென ஒதுக்கட்டும்.